ஏழாவது கண்ணி

1958 ஜனவரி 6, திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாள். பூசையில் இரண்டாவது பாட்டின் நடுவே என் குரல் போய்விட்டது. கமறல் இல்லை, சளி இல்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. இருமல் வந்தவள்போல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். பின்னால் நின்ற ரோஸ்மேரி என் அடியை அப்படியே பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. கோயிலில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 13

ஒரு வாரமாக மிளகுப்பால், அதிமதுரம், பனங்கற்கண்டு, உப்புப் போட்ட வெந்நீர். காலையில் கொஞ்சம் குரல் இருக்கிறது. பத்து மணிக்குள் தேய்ந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "விட்டோரியாக்கா, தொண்டைக்குள்ள தவள எதுவும் குடிவந்திருக்கா?" என்று கேட்டாள். என் பெயர் விக்டோரியா. பத்தொன்பது வருஷமாகத் திருத்துகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பாடற்குழுப் பயிற்சி. வாயைத் திறக்காமல் கையால் தாளம் மட்டும் போட்டேன். பெரிய வெள்ளிக்குப் பதினோரு வாரம்கூட இல்லை.

அன்று மாலை சிலுவையடியில் மாதா புலம்பல் பாடுவது நான். பன்னிரண்டு கண்ணிகள், ஒற்றைக் குரல். பெரிய வியாழன் முதல் மணியும் ஆர்மோனியமும் ஒலிக்கக் கூடாது. சுருதியை மனதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1927 முதல் ஒரு வருஷம் தவறியதில்லை. என் வீட்டுக்காரர் இறந்த ஒன்பதாம் நாள் பெரிய வெள்ளி வந்தது. அன்றும் பாடினேன். ஐந்தரைக் கட்டையிலிருந்து ஓர் இழை இறக்கியதில்லை.

பாடுகிறவளுக்குப் பின்னால் ஒருத்தி வெந்நீர்ச் செம்போடு நிற்பது எங்கள் கோயில் வழக்கம். ஆறாவது கண்ணி முடிந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, 'மகனே' என்று உச்சிக்கு ஏறும் ஏழாவதை எடுக்க வேண்டும். செம்பு பிடிப்பவள் யாரோ அவள்தான் அடுத்துப் பாடப்போகிறவள். ஒன்பது வருஷமாக ரோஸ்மேரி பிடிக்கிறாள். முப்பத்தாறு வயது, ஒன்றாம் வகுப்பு டீச்சர். நல்ல குரல்தான், ஆனால் தாழ்ந்த குரல். மேலே போனால் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். சுருதியை இறக்கலாமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். நீ ஏறி வா, பாட்டு இறங்கி வராது என்று சொல்லியிருக்கிறேன்.

பயிற்சி முடிந்து போகும்போது, "உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். என்ன கரிசனம்.

பிப்ரவரி 3, திங்கள்

மதுரைக்குத் தனியாகப் போய்வந்தேன். கண்ணாஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காது மூக்குத் தொண்டை டாக்டர். என் மகன் வயதுகூட இருக்காது, எனக்கு மகன் இருந்திருந்தால். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, ஸ்பிரிட் விளக்கில் வாட்டிய ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, 'ஈ' என்று சொல்லச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில் ஒரு அந்நியனுக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு ஈ என்று சொன்னேன்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொண்டைக்குள் இரண்டு நாண்கள், வாசல் கதவுபோல். அவை ஒன்றோடொன்று தட்டித்தான் குரல் வருகிறதாம். இரண்டிலும் எதிரெதிராக ஒரு காய்ப்பு, உலக்கை பிடிக்கிறவள் கையில் வருவதைப்போல. அதனால் கதவு சரியாகச் சாத்தவில்லை; காற்று ஒழுகுகிறது. சத்தம் போட்டுப் பாடுவீர்களா என்று கேட்டார். சத்தம் போடுவதில்லை, சரியாகப் பாடுகிறேன் என்றேன்.

"அப்படிப்பட்டவங்களுக்குத்தாம்மா இது வருது. உசரத்த விட்டுக்குடுக்க மாட்டாங்க."

வைத்தியம் என்று அவர் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை: மௌனம். நான்கு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதல், நாணை இறுக்கிப் பிடித்துத் தேய்க்கும். தொண்டையைக் கனைக்கக் கூடாது, கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். காலையும் மாலையும் வெறும் வெந்நீர் ஆவி. மிளகும் அதிமதுரமும் விழுங்கினால் வயிற்றுக்குப் போகும், இந்த இடத்தைத் தொடவே தொடாது. நான்கு வாரம் கழித்து மெதுவாக முனகல், பிறகு பேச்சு, கடைசியில் பாட்டு, அதுவும் சுருதியை இறக்கி. காய்ப்பு கரையாவிட்டால் கத்தி. கத்தி வைத்த பிறகு பழைய குரலுக்கு யாரும் பொறுப்பில்லை.

இன்றே ஆரம்பியுங்கள் என்றார்.

இன்று ஆரம்பித்தால் நாளைக்கே ஊர் கேட்கும். கிழவிக்குக் குரல் போச்சு என்று. முதலில் சந்தோஷப்படப் போகிறவள் யார் என்று தெரியும். பதினாறு நாள் பொறுத்தால் சாம்பல் புதன், தபசுகாலம் தொடங்கிவிடும். தபசுகாலத்தில் ஒருத்தி வாய் மூடினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து எண்ணினாலும் பெரிய வெள்ளிக்குள் நான்கு வாரமும், அதற்குமேல் பதினாறு நாளும் கிடைக்கிறது. போதும்.

பிப்ரவரி 19, சாம்பல் புதன்

ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தேன். பூசை முடிந்து பெண்கள் சூழ்ந்துகொண்டபோது எழுதிக் காட்டினேன்: 'தபசுகாலம் முழுதும் மௌனம்.' இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நேர்ச்சை என்று நான் எழுதவில்லை. அவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். நாவை அடக்கிய தபசு என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனிந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். வெளியே வந்ததும் ரோஸ்மேரி என் கையைப் பிடித்து உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள்.

மார்ச் 2

பேசாதவளிடம் எல்லோரும் பேச வருகிறார்கள். மருமகள் சண்டை, புருஷனின் குடி, கர்ப்பப்பை இறக்கம். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் நாகல் நகரிலிருந்துகூட ஒருத்தி வந்தாள். நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகும்போது மனசு லேசாகிவிட்டது என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பாடினேன், ஒருத்தியும் இப்படிச் சொன்னதில்லை.

மார்ச் 6

ஜெய்தூன் பீவி கறிவேப்பிலை கேட்க வந்து, நான் போர்வைக்குள் ஆவி பிடிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"சாமிக்கு வாய கட்டுனவுக எதுக்குக்கா ஆவி பிடிக்கிறீக?"

சிலேட்டில் 'ஜலதோஷம்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது நினைவு வந்தது. அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த டாக்டரின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. தோலில் விழும் காய்ப்பைத் தடவியே கண்டுபிடிக்கிற குடும்பம். இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டாள்.

"எழுத்துத்தேன் தெரியாது. படம் தெரியும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவும் மாட்டாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள்.

மார்ச் 13, வியாழன்

சுவாமியார் வீட்டுக்கே வந்தார். இந்த வருஷம் புலம்பலையும் நான் ஆண்டவருக்குப் பலியாகக் கொடுத்துவிட்டேன் என்று புரிந்துகொண்டாராம். பேசுகிற வாயும் பாடுகிற வாயும் ஒன்றுதானே என்றார். ரோஸ்மேரி பாடட்டும், நான் செம்பு பிடித்தால் சபைக்கே ஒரு பாடமாக இருக்கும் என்றார்.

சிலேட்டை எடுத்தேன். டாக்டர் என்று எழுத வேண்டும். நான்கு எழுத்து. டா வரைக்கும் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. துடைத்துவிட்டு, 'சரி' என்று எழுதினேன்.

என்ன செய்துவிட்டேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை நாள் வாயை மூடினேன்.

மார்ச் 19, புதன்

மதுரை. அதே கண்ணாடி. டாக்டர் சிரித்தார். காய்ப்பு பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். இந்த வயதில் இவ்வளவு கட்டுப்பாடாக யாரும் இருந்து பார்த்ததில்லையாம். வாயை மூடிக்கொண்டு மெல்ல 'ம்' சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். ஒரே சுரம், கீழே, பிசிறில்லாமல். ஒரு மாதத்துக்குப் பிறகு என் நெஞ்சுக்கூட்டில் அது அதிர்ந்தது. அந்த அறையில் நர்ஸ் இல்லாமலிருந்தால் அழுதிருப்பேன்.

தினம் ஐந்து நிமிஷம் முனகல், ஐந்து நிமிஷம் பேச்சு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எப்போது பாட வேண்டும் என்று கேட்டார். இனிமேல் அவசரமில்லை என்று எழுதிக் காட்டினேன்.

மார்ச் 24

ஜெய்தூன் பீவி வீட்டில் நோன்பு ஆரம்பித்துவிட்டது. கஞ்சி கொண்டுவந்தாள். "எங்க நோம்புல பொழுது சாஞ்சா வாயத் தொறந்துருவோம். ஒங்க நோம்பு எப்பக்கா தொறக்கும்?" என்று கேலி செய்துகொண்டிருந்தபோது ரோஸ்மேரி வந்தாள்.

குரல் கரகரத்திருந்தது. பத்து நாளாகப் பள்ளிக்கூடம் விட்டதும் புலம்பலைப் பாடிப் பார்க்கிறாளாம். ஏழாவது கண்ணியில் காற்றுதான் வருகிறதாம். எனக்கு ஜனவரியில் வந்த அதே காற்று. கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

"என்னம்மா செய்யட்டும்? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

சிலேட்டில் எழுதினேன்: 'மிளகுப்பால். பனங்கற்கண்டு.' அவள் சத்தமாகப் படித்தாள்.

"கொஞ்ச நாளைக்குப் பாடுறத நிறுத்தவாம்மா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் போனதும் ஜெய்தூன் பீவி கஞ்சிப் பாத்திரத்தைக் கவிழ்த்து என் கிண்ணத்தில் ஊற்றினாள். பிறகு, சிரிக்காமல்: "அந்தப் புள்ளைக்கு அந்தப் படத்தக் காட்டியிருக்கலாம்ல."

படத்தைக் காட்டினால் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். நேர்ச்சை, பிரசங்கம், முத்தம் எல்லாவற்றையும். இதெல்லாம் ஜெய்தூன் பீவிக்குப் புரியாது. அவளுக்கென்ன, அவள் பெயரை யாரும் பிரசங்கத்தில் சொல்லவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் நிறுத்தாமல் பாடினேன். யார் எனக்குப் படம் காட்டினார்கள்?

மார்ச் 25

கஞ்சி வரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பாஸ்காவுக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். மௌனத்தில் இருப்பவள் பாவங்களை எழுதிக் கொடுக்கலாம் என்று சுவாமியார் உத்தரவு கொடுத்தார். எழுதினேன்: பொறுமையின்மை, பிறரைக் குறைவாக நினைத்தது, ஒருசந்தி விரத நாளில் காபி குடித்தது. கையெழுத்து அழகாக இருந்தது.

ஏப்ரல் 4, பெரிய வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

மணி இல்லை, மரத்தட்டை தட்டினார்கள். கோயில் நிறைந்து தெருவரை கூட்டம். ரோஸ்மேரி வெள்ளைப் புடவையில் சிலுவையடியில் நின்றாள். நான் பின்னால், செம்போடு. தொடங்குமுன் திரும்பி என்னைப் பார்த்தாள். சுருதிக்காக. நான் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டியிருந்தால் போதும், நாலரையில் எடுத்திருப்பாள். நாலரையில் அவள் குரல் தேன். நான் கையை அசைக்கவில்லை. ஐந்தரையில் எடுத்தாள். நான் கற்றுக்கொடுத்த இடத்தில்.

முதல் நான்கும் நன்றாக இருந்தன. என்னைவிட நன்றாக. எழுதிவிட்டேன், இருக்கட்டும். பெண்கள் அழுதார்கள். ஐந்தாவதில் நரம்பு புடைத்தது. ஆறாவது முடிந்ததும் கையைப் பின்னால் நீட்டினாள். செம்பு என் கையிலேயே ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் அடுப்பில் வெந்நீர் இருந்தது. மாற்றியிருக்கலாம். அப்படியே கொடுத்தேன். குடித்தாள்.

ஏழாவதில் 'மகனே' என்று ஏறினாள். துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் வாய் திறந்தபடி இருந்தது. மிச்சத்தைக் கூட்டமே சேர்ந்து பாடி முடித்தது, ஆளுக்கொரு சுருதியில்.

இதைத்தான் நான் விரும்பினேனா? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்: அந்த ஒரு நொடியில், ஆமாம்.

ஏப்ரல் 6, உயிர்ப்பு ஞாயிறு

கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் வாய் திறக்கச் சொன்னார் சுவாமியார். அல்லேலூயா என்றேன். சுத்தமான குரல். புதுமை, அற்புதம் என்றார்கள். ரோஸ்மேரி கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மே 11

அவளுக்கு இன்னும் குரல் வரவில்லையாம். யாரோ கிசுகிசுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது நல்லதாம்.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரத்திலேயே ரோஸ்மேரியை லீவில் அனுப்பிவிட்டார்கள். ஐம்பது குழந்தைகள், கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. பூசைக்குப் பிறகு என்னிடம் வந்து, "மிளகுப்பால் விடாமக் குடிக்கிறேம்மா" என்றாள். கிசுகிசுப்பாக. ஒவ்வொரு சொல்லும் நாணைத் தேய்ப்பது என் தொண்டையிலேயே தெரிந்தது. பேசாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

ஜூன் 22

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நான் படித்த கான்வென்டில் மதர் சொல்வார், கடிதத்தில் முதல் வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும் என்று. முதல் வரி: 'அது நேர்ச்சை அல்ல, வைத்தியம்.' அதற்கப்புறம் எளிதாக இருந்தது. டாக்டர் விலாசம், மௌனம், கிசுகிசுக்காமை, ஆவி, தண்ணீர், முனகல், சுருதி, எல்லாம். நான்கு பக்கம். டாக்டர் போட்ட படத்தையும் உள்ளே வைத்தேன்.

அவள் வீடு மூன்றாவது தெரு. தபாலில் போட்டேன். இப்போது எனக்குக் குரல் இருக்கிறது. இருந்தும் தபாலில்தான் போட்டேன்.

ஜூலை 8

ரோஸ்மேரி வந்தாள். மதுரைக்குப் போய்வந்துவிட்டாள். பெரிய வெள்ளி அன்றைக்கு ஒரு பக்க நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது. அதன்மேலேயே மூன்று மாதம் கிசுகிசுத்து அது தழும்பாகிவிட்டது. இரண்டு வாரம் மௌனமாக இருந்ததில் பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அது போதும் என்கிறாராம் டாக்டர். மேல் ஸ்தாயி வராது.

இதையெல்லாம் தாழ்ந்த குரலில், அளந்து அளந்து சொன்னாள். டாக்டர் சொன்னபடி. கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அம்புட்டும் எழுதியிருக்கீக. அன்னைக்கு நிறுத்தவான்னு கேட்டேன். தலைய ஆட்டுனீக. அதுக்கு மட்டும் ஒண்ணும் எழுதலையேம்மா."

நான் கடிதத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

"இத நான் யாருட்டயும் காட்டல. காட்டவும் மாட்டேன். வார வருசம் நீங்களே பாடுங்க. யாராச்சும் பாடணும்ல."

ஏன் காட்டவில்லை என்று கேட்க எனக்குக் குரல் இருந்தது. கேட்கவில்லை. காபி கொடுத்தேன். குடிக்காமல் போனாள். கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில் பாடினேன். குரலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வருகிறது.

1959 மார்ச் 12

ஜெய்தூன் பீவி வீட்டில் நோன்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. நானாகக் கூப்பிட்டு, ரோஸ்மேரிக்குப் படத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பக்கா குடுத்தீக?"

ஜூன் மாதம் என்றேன்.

"ம்" என்றாள். பிறகு பாத்திரச் சத்தம்.

மார்ச் 22

சுவாமியார் வழக்கம்போல என்னைப் பாடச் சொல்லியிருக்கிறார். செம்புக்கு யார் என்று பெண்களிடம் கேட்டேன். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ரோஸ்மேரி கையைத் தூக்கினாள்.

மார்ச் 27, பெரிய வெள்ளி

நாலரையில் எடுத்தேன். ஒரு கட்டை முழுதாக இறக்கி. முப்பத்தொரு வருஷம் இறக்கக் கூடாது என்று எத்தனை பேரை வதைத்தேன். கோயில் நிறைந்த கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாவது கண்ணி முடிந்தது. கையைப் பின்னால் நீட்டினேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. செம்பு கைக்கு வந்தது. விரல் பொறுக்கும் சூடு. நான் ஒரு காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுப்படிக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

குடித்தேன். ஏழாவதை எடுத்தேன்.